இசைவாணைக்குக் காத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

ஆலையை நிறுவவும் இயக்கவும் மாசு கட்டுப்பாட்டு வாரியங்கள் தரும் இசைவாணை, சுற்றுச்சூழல் அனுமதி ஆகியவை தாமதமாவது குறித்தும் அவற்றைச் சீராக்குவது குறித்தும் வந்த கடிதங்களுக்காக இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். மாநில வாரியம் ஒன்றில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் பதிலளிக்கிறார்.

ஆயத்த ஆடைகளைச் சலவை செய்யும் சிறு ஆலை ஒன்றை அமைத்திருக்கிறேன். இயக்குவதற்கான இசைவாணை கேட்டு விண்ணப்பித்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. நான்கு மாதங்களுக்குள் பதில் வராவிட்டால் இசைவு கிடைத்துவிட்டதாகவே பொருள் என்று நண்பர்கள் கூறுகிறார்கள். இயந்திரங்களை ஓட்டத் தொடங்கலாமா?
— சலவை ஆலை உரிமையாளர், திருப்பூர்

உங்கள் நண்பர்கள் பாதியைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விட்ட பாதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் ஏழாவது உட்பிரிவு ஒன்று உண்டு. விண்ணப்பம் கொடுத்து நான்கு மாதங்களுக்குள் வாரியம் இசைவைத் தரவோ மறுக்கவோ செய்யாவிட்டால், நிபந்தனை ஏதுமின்றி அது வழங்கப்பட்டதாகக் கருதப்படும் என்று அந்த உட்பிரிவு சொல்கிறது. ஆனால் அதே வரியில் ‘எல்லா வகையிலும் முழுமையான விண்ணப்பம்’ என்றொரு சொற்றொடரும் இருக்கிறது. நீங்கள் இணையதளத்தில் கட்டணம் செலுத்திய நாளிலிருந்து நாட்களை எண்ணியிருப்பீர்கள். சட்டமோ விண்ணப்பம் முழுமை பெற்ற நாளிலிருந்து எண்ணுகிறது. இடையில் ஓர் ஆவணம் குறைகிறது என்று வாரியம் திருப்பி அனுப்பியிருந்தால், அதை நீங்கள் பதிவேற்றிய நாளே தொடக்க நாள் என்று வாரியத்தின் வழக்குரைஞர் வாதிடுவார். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது சிக்கல் உங்கள் பாய்லர். சலவை ஆலையில் விறகோ நிலக்கரியோ எரிக்கும் பாய்லர் இருந்தால், அதன் புகைபோக்கிக்கு 1981-ஆம் ஆண்டு காற்று மாசு தடுப்புச் சட்டத்தின்கீழ் தனி இசைவு தேவை. அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவும் நான்கு மாதம் என்றுதான் கெடு வைக்கிறது. கெடு கடந்தால் இசைவு கிடைத்ததாகக் கருதலாம் என்ற வாசகம் மட்டும் அந்தப் பிரிவில் இல்லை. ஆகவே நீர்ச் சட்டத்தின்படி உங்களிடம் இசைவு இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், பாய்லரைப் பற்றவைத்த அன்றே காற்றுச் சட்டத்தின் பார்வையில் நீங்கள் இசைவில்லாமல் ஆலை நடத்துபவர் ஆகிவிடுகிறீர்கள். மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் அதிகாரம் இரு சட்டங்களிலும் வாரியத்துக்கு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போதைக்கு இயந்திரங்களை ஓட்ட வேண்டாம். விண்ணப்ப எண், கடைசி ஆவணத்தைப் பதிவேற்றிய தேதி, அதிலிருந்து நான்கு மாதம் முடிந்த தேதி ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, இன்னும் எந்த ஆவணம் தேவைப்படுகிறது என்று எழுத்துமூலம் தெரிவிக்கும்படி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒப்புகையுடன் கூடிய தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் மறுப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை; மறுப்பாணை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு ஆணையத்தை அணுகலாம். வாரியம் வாய் திறக்காமல் இருந்தால்தான் எதை எதிர்த்து முறையிடுவது என்றே தெரியாமல் போகும்.

கெடு வைத்தால் அலுவலகம் விரையும் என்று எண்ணித்தான் சட்டம் இயற்றியவர்கள் அந்த உட்பிரிவைச் சேர்த்திருக்க வேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு. நூற்றுப் பத்தாவது நாள் வாக்கில், கெடு நெருங்குகிறதே என்று யாராவது கோப்பை எடுப்பார்கள். படித்து முடிவெடுக்க அவகாசம் இல்லாததால் ஒரு கேள்வியை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். நாட்கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். நானும் அப்படி அனுப்பியவன்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் முழுவதும் இணையவழியில் வந்துவிட்ட பிறகும் மாதக்கணக்கில் தாமதம் ஏன்? உண்மையில் எந்த இடத்தில் நேரம் போகிறது?
— சுற்றுச்சூழல் பொறியியல் மாணவி, கோவை

தமிழ்நாடு உட்படப் பல மாநில வாரியங்கள், தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இணையவழி மென்பொருளின் மூலமே விண்ணப்பங்களைப் பெறுகின்றன. அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதையும், கோப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆள் பிடிப்பதையும் அது பெருமளவு குறைத்தது. ஆனால் காகிதத்தில் பன்னிரண்டு கைகள் மாறிய கோப்பைக் கணினியில் ஏற்றியதும், பன்னிரண்டு பயனர் கணக்குகள் மாறும் கோப்பாக அது ஆனதே ஒழிய, கைகளின் எண்ணிக்கை குறையவில்லை.

பணியில் இருந்தபோது ஒருமுறை ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றின் கோப்பில் முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைக் குத்தி, அதை எடுப்பவர் ஒவ்வொருவரும் எடுத்த நேரத்தையும் கீழே வைத்த நேரத்தையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கோப்பு மாவட்ட அலுவலகத்திலிருந்து தலைமையகம் போய், அங்கிருந்து ஒரு விளக்கத்துக்காகத் திரும்பி வந்து, மறுபடியும் மேலே போய் ஆணையாக வெளிவர நான்கு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அந்தத் தாளிலிருந்த நேரங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, மனிதர்கள் அதைப் படிக்கவும் எழுதவும் செலவிட்டது இரண்டு வேலை நாட்களைத் தாண்டவில்லை. மீதி நாட்களெல்லாம் அது மேசைகளின்மீது காத்திருந்தது. பாதிக் காத்திருப்புக்குக் காரணம் விண்ணப்பத்திலேயே இருந்த ஒரு முரண்: ஒரு பக்கத்தில் நாளொன்றுக்கு 40 கிலோலிட்டர் தண்ணீர் எடுப்பதாகவும், ஏழெட்டுப் பக்கங்கள் தள்ளி 46 கிலோலிட்டர் கழிவுநீர் வெளியேறுவதாகவும் ஆலோசகர் எழுதியிருந்தார். எடுப்பதைவிட அதிகமாக வெளியேறுவது எப்படி என்று முதல் நாளே முதல் மேசையில் இருந்தவர் கேட்டிருக்கலாம். மூன்றாவது மாதத்தில் ஐந்தாவது மேசையில் இருந்தவர்தான் கேட்டார்.

இதே நோயை அமெரிக்க மாநிலங்களும் பார்த்திருக்கின்றன. அங்கே காற்றுச் சட்டத்தையும் நீர்ச் சட்டத்தையும் கூட்டாட்சி அரசு இயற்றினாலும், உரிமங்களைப் பெரும்பாலும் மாநிலத் துறைகளே வழங்குகின்றன. டொயோட்டா தொழிற்சாலைகளிலிருந்து பரவிய ‘கைசென்’ முறையை அயோவா மாநிலத்தின் இயற்கை வளத் துறை 2003 வாக்கில் காற்று உரிமப் பிரிவில் கையாண்டது. விண்ணப்பம் வாங்குபவர், ஆய்வு செய்பவர், கையொப்பமிடுபவர், ஆலைகளின் தரப்பினர் எல்லாரையும் சில நாட்கள் ஒரே அறையில் உட்காரவைத்து, கோப்பு நகரும் வழியைச் சுவரில் வரைந்து, எந்தக் கட்டத்தில் எவரும் எதையும் செய்யாமல் கோப்பு சும்மா கிடக்கிறது என்று குறித்தார்கள். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பிடித்துவந்த கட்டுமான உரிமம் அதன்பின் ஒரு வாரத்தில் கிடைக்கும் நிலை வந்தது. இதற்காக மாசு வரம்புகளில் எதையும் தளர்த்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும், காத்திருப்பைத்தான் வெட்டினார்கள்.

நீங்கள் படிப்பு முடித்து ஒரு வாரியத்தில் சேர்ந்தால், முதல் வேலையாக விண்ணப்பம் வந்த மூன்று நாட்களுக்குள் அதை முழுமைச் சோதனை செய்யும் ஒரு மேசையை அமைக்கச் சொல்லுங்கள். அந்த மேசையில் அனுபவம் குறைந்தவரை அமர்த்துவதே வழக்கமாக இருக்கிறது. இருப்பவர்களில் கெட்டிக்காரரை அங்கே அமர்த்த வேண்டும்.

சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று தொழில்களைப் பிரிப்பது எந்த அடிப்படையில்?
— கணக்காளர், ஓசூர்

மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2016 மார்ச்சில் வெளியிட்ட வகைப்பாட்டில், காற்று மாசு, கழிவுநீர், அபாயகரமான கழிவு, வள நுகர்வு ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு தொழிலுக்கும் நூற்றுக்கு ஒரு மாசுக் குறியீடு கணக்கிடப்பட்டது. அந்த வகைப்பாட்டின்படி 60-ம் அதற்கு மேலும் சிவப்பு. 41 முதல் 59 வரை ஆரஞ்சு. 21 முதல் 40 வரை பச்சை. 20 வரை வெள்ளை. அப்போது 60 தொழில் வகைகள் சிவப்பிலும், 83 ஆரஞ்சிலும், 63 பச்சையிலும், 36 வெள்ளையிலும் வைக்கப்பட்டன. வெள்ளை வகையினர் வாரியத்துக்குத் தகவல் தெரிவித்தால் போதும் என்று அப்போதே சொல்லப்பட்டது. 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவிக்கை வாயிலாக அவர்களுக்கு இசைவாணையிலிருந்தே விலக்கு அளித்தது. 2025-இல் திருத்தப்பட்ட வகைப்பாட்டில், கழிவு மேலாண்மை போன்ற இன்றியமையாச் சேவைகளுக்காக நீலம் என்றொரு வகையும் சேர்ந்தது.

2016-க்கு முந்தைய பிரிவினை பெரும்பாலும் தொழிலின் அளவையும் வள நுகர்வையும் பார்த்தது. இது மாசைப் பார்க்கிறது. சீர்திருத்தங்களிலேயே ஆரவாரம் குறைந்ததும் பயன் மிகுந்ததும் இதுதான் என்பேன். ஒரு பொறியாளரின் வாரம் ஐந்து நாட்கள்தான். ஏர்கூலர்களைப் பொருத்தித் தரும் பட்டறைக்கும் தோல் பதனிடும் ஆலைக்கும் அதில் ஒரே அளவு நேரம் கொடுத்தால் தோல் ஆலைதான் தப்பிக்கிறது.

அப்படியானால் பச்சை வகைத் தொழில்களும் தாமே உறுதிமொழி கொடுத்துவிட்டு நடத்தலாம் என்று விட்டுவிடக் கூடாதா?
— அச்சக உரிமையாளர், சிவகாசி

விடலாம், விடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைச் செய்தால். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1990-களின் பிற்பகுதியில் உலர் சலவையகங்கள், புகைப்படக் கழுவகங்கள், உங்களைப் போன்ற அச்சகத்தார் ஆகிய மூன்று சிறுதொழில்களுக்கு உரிமத்துக்குப் பதிலாக ஆண்டுதோறும் சுய சான்று கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. உரிமையாளரே படித்துப் புரிந்துகொள்ளும் எளிய நடையில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கையேடு தயாரித்தார்கள். கரைப்பானை எந்தக் கலத்தில் மூடிவைப்பது, கழிவு மையை யாரிடம் ஒப்படைப்பது என்ற அளவுக்கு அதில் விவரம் இருந்தது. திட்டம் தொடங்குவதற்கு முன்பே குலுக்கல் முறையில் சில கடைகளைத் தேர்ந்தெடுத்து நிலைமையைப் பதிவு செய்தார்கள். தொடங்கிய பின்னும் அதேபோலக் குலுக்கிப் போட்டுச் சோதித்தார்கள். சான்றில் பொய் எழுதினால் கையொப்பமிட்ட உரிமையாளரே நேரடியாகப் பொறுப்பு.

நம் ஊர்களில் சுய உறுதிமொழி என்றால் ஒரு பக்கப் படிவத்தில் கையொப்பம் போடுவதோடு முடிந்துவிடுகிறது. கையேடும் இல்லை, குலுக்கல் சோதனையும் இல்லை. அதைச் சீர்திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆய்வுகளை இரட்டிப்பாக்கினால் மாசு தானாகக் குறையும் என்று எங்கள் பகுதி மக்கள் இயக்கம் கோருகிறது. இது சரியான கோரிக்கையா?
— பள்ளி ஆசிரியர், ராணிப்பேட்டை

பாலாற்றங்கரையில் வாழும் ஒருவரிடமிருந்து இந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை. உங்கள் மாவட்டத்துத் தோல் ஆலைகளின் கழிவு குறித்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-இல், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளாக ஏற்றது. ஆனால் கோரிக்கையைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம் என்பது என் எண்ணம்; காரணத்தைச் சொல்கிறேன்.

குஜராத் மாநில வாரியத்தோடு சேர்ந்து எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் நடத்திய கள ஆய்வு ஒன்றில், தேர்ந்தெடுத்த ஆலைகளில் ஆய்வுகளின் எண்ணிக்கையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிப் பார்த்தார்கள். அதிகாரிகள் அடிக்கடி போனார்கள், குறிப்பாணைகளும் கூடின. ஆனால் சராசரி மாசு சொல்லத்தக்க அளவு குறையவில்லை. ஏன் என்று துருவியபோது, வாரியம் கடும் நடவடிக்கையை வரம்பைப் பலமடங்கு மீறும் ஆலைகளின்மீதுதான் எடுக்கிறது என்பதும், அப்படிப்பட்ட ஆலைகள் எவை என்பது உள்ளூர் அதிகாரிக்குப் பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கிறது என்பதும் புலப்பட்டன. கூடுதலாகச் சேர்த்த ஆய்வுகளோ கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஆலைகளுக்கும் பங்கிடப்பட்டவை. வரம்பைச் சற்றே மீறிய ஆலையின் முதலாளிக்கு, அதிகாரி ஒருமுறை வந்தாலும் இருமுறை வந்தாலும் விளைவு ஒன்றுதான் என்பது தெரிந்திருந்தது.

அதே அறிஞர்கள் குஜராத்தில் நடத்திய இன்னொரு சோதனை எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அந்த மாநிலத்தில் உயர் நீதிமன்றம் 1996-இல் ஏற்படுத்திய ஏற்பாட்டின்படி, மாசு மிகுந்த ஆலைகள் ஆண்டுதோறும் வெளியார் தணிக்கையைப் பெற்று அறிக்கை கொடுக்க வேண்டும். தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பவரும் அவருக்குப் பணம் கொடுப்பவரும் ஆலை முதலாளியே. புகைபோக்கியின் துகள் வரம்பு ஒரு கனமீட்டருக்கு 150 மில்லிகிராம் என்றால், அறிக்கைகளில் வந்த அளவீடுகள் அந்த 150-க்குச் சற்றுக் கீழே ஆட்டுமந்தை போலக் கூடிக்கிடந்தன. நூற்றுக்கணக்கான பாய்லர்கள் ஒன்றோடொன்று பேசி வைத்துக்கொண்டதுபோல வரம்புக்கு ஒரு முழம் கீழே புகைவிடுவது நடக்கிற காரியமா?

அகமதாபாத், சூரத் பகுதிகளில் 473 ஆலைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பாதிக்கு மட்டும் ஏற்பாட்டை மாற்றினார்கள். தணிக்கையாளரை வாரியத்தின் சார்பில் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். ஊதியத்தைப் பொது நிதியிலிருந்து, எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுத்தார்கள். அவர் அளந்த இடத்தை இன்னொரு குழு சில நாட்கள் கழித்து மறுபடியும் அளந்தது. இரண்டாம் ஆண்டில் சரியாக அளந்தவருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. அறிக்கைகளில் உண்மை வந்தது. அதோடு அந்த ஆலைகளின் மாசும் குறைந்தது. சட்டம் மாறவில்லை, வரம்பு மாறவில்லை. பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது மட்டும் மாறியது. இதன் பிறகே குஜராத் வாரியம் தன் தணிக்கை விதிகளைத் திருத்தியது. பின்னர் 2019-இல் சூரத்தில் துகள் மாசை வெளியிடும் உரிமங்களை ஆலைகள் தமக்குள் வாங்கி விற்கும் சந்தை தொடங்கப்பட்டதற்கும், அதில் பங்கேற்ற ஆலைகளின் துகள் மாசு 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்ததற்கும், புகைபோக்கியில் பொருத்திய கருவிகள் தரும் தொடர் அளவீட்டை நம்ப முடிந்ததுதான் அடித்தளம்.

ஆகவே உங்கள் இயக்கம் ‘ஆய்வை இரட்டிப்பாக்கு’ என்பதற்குப் பதிலாக, ‘எங்கள் பகுதியில் கழிவுநீர் மாதிரியை அளக்கும் ஆய்வகத்துக்குப் பணம் கொடுப்பவர் யார்?’ என்று கேட்டு மனுக் கொடுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அதிகாரிகளுக்கு அவ்வளவு எளிதாக இராது.

வேகமாக அனுமதி தரும் மாநிலங்களுக்கு மத்திய அரசு நட்சத்திர மதிப்பீடு கொடுப்பதாக அறிவித்ததே, அதில் என்ன தவறு?
— போட்டித் தேர்வர், மதுரை

2022 ஜனவரியில் வந்த அறிவிப்பைக் குறிப்பிடுகிறீர்கள். மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையங்கள் சராசரியாக 80 நாட்களுக்குள் அனுமதி கொடுத்தால் இரண்டு மதிப்பெண், 105 நாட்களுக்குள் கொடுத்தால் ஒன்று, அதற்கு மேல் போனால் சுழியம். இதோடு நிறுத்தியிருந்தால்கூட ஏற்கலாம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே வல்லுநர் குழுவுக்கு 60 நாட்களும் ஆணையத்துக்கு 45 நாட்களுமாக அந்த 105-ஐத்தான் வகுத்திருந்தது. ஆனால் விண்ணப்பதாரரிடம் கூடுதல் விவரம் கேட்பது குறைந்தாலும் மதிப்பெண் உண்டு, வல்லுநர் குழு இடத்தை நேரில் போய்ப் பார்ப்பது குறைந்தாலும் மதிப்பெண் உண்டு என்று எழுதிவிட்டார்கள். தேர்வு எழுதும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும்: விடைத்தாளைப் படிக்காமல் திருத்தும் ஆசிரியர்தான் எப்போதும் முதலில் முடிப்பார்.

நாட்களை எண்ணுவது தவறில்லை. ஆனால் அதோடு சேர்த்து, கொடுத்த அனுமதிகளில் எத்தனை பின்னர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நிற்காமல் போயின, நிபந்தனைகளில் எத்தனை நிறைவேறின என்பதையும் எண்ண வேண்டும். அவசரமாகக் கொடுத்து, பசுமைத் தீர்ப்பாயத்தில் தடை வாங்கி, இரண்டு ஆண்டு வழக்கில் கிடக்கும் திட்டம் எந்தப் பட்டியலிலும் தாமதமாகத் தெரிவதில்லை.

ஆலைக்காரர்களின் தாமதம் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். நொய்யல் கரையில் நாங்கள் கொடுத்த புகார்களுக்கு ஆண்டுக்கணக்கில் பதில் இல்லை. இது தாமதம் இல்லையா?
— விவசாயி, ஈரோடு மாவட்டம்

இதுவும் தாமதம்தான், அதுவும் விலை கூடிய தாமதம். வந்த கடிதங்களிலேயே எனக்குத் தலைகுனிவை உண்டாக்கியது உங்களுடையது. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. 1992-இல் முடிந்த அந்த அணையில் சில ஆண்டுகளுக்குள்ளேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, கீழ்ப்பகுதி விவசாயிகளே அணையைத் திறக்காதீர்கள் என்று போராட வேண்டிய நிலை வந்தது. அந்தக் காலம் முழுவதும் ஆலைகளுக்கு இசைவாணைகள் வழங்கப்பட்டும் புதுப்பிக்கப்பட்டும் வந்தன. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே மூச்சில் மூடப்பட்டன. ஒரு துளிக் கழிவுநீரையும் வெளியே விடாத ஏற்பாட்டுடன்தான் பிறகு அவை படிப்படியாகத் திறந்தன. வாரியம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருக்க வேண்டியதை நீதிமன்றம் ஒரே நாளில் செய்ததால், உங்கள் நிலத்தோடு தொழிலாளரின் கூலியும் போயிற்று.

உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தி சொல்கிறேன். வாரிய ஊழியர்களிலேயே பலருக்கு இது தெரியாது. நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் ஆறாவது உட்பிரிவின்படி, ஒவ்வொரு வாரியமும் தான் விதித்த நிபந்தனைகளை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். கழிவுநீர் வெளியேறும் ஒரு வாயிலால் பாதிக்கப்படுபவரோ அதில் அக்கறை உள்ளவரோ உரிய வேலை நேரத்தில் வந்து, அதற்குரிய பக்கத்தைப் பார்வையிட உரிமை உண்டு. நீங்கள் பொதுவாக ‘ஆற்றில் சாயம் வருகிறது’ என்று எழுதினால், மாதிரி எடுக்கும்போது வரவில்லை என்று ஒரு வரியில் புகாரை முடித்துவிடுவார்கள். பதிவேட்டைப் பார்த்துவிட்டு, ‘இந்த ஆலைக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோலிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து முழுவதையும் மறுபயன்பாடு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை, ஆனால் இன்ன தேதி இரவில் கிழக்குச் சுவரோரம் உள்ள குழாய் வழியே வாய்க்காலில் நீர் விடப்பட்டது’ என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தை ஒரு வரியில் முடிக்க முடியாது.

இசைவாணை நிபந்தனைகளையும் மாத அளவீடுகளையும் ஆலைவாரியாக, சர்வே எண்ணை இட்டால் தெரியும்படி, தமிழில் இணையத்தில் வைத்துவிட்டால் நீங்கள் அலுவலகத்துக்கு வரவே வேண்டியதில்லை. அதற்குப் பெரிய செலவும் ஆகாது. விண்ணப்பம் வாங்க இணையம் கட்டியவர்கள் புகாருக்குப் பதில் சொல்லவும் அதே இணையத்தைப் பயன்படுத்தத் தயங்குவது ஏன் என்பதை நான் பணியில் இருந்த காலத்திலும் கேட்டிருக்கிறேன்.

வாரியத்தில் ஆள் இல்லை என்பது உண்மையா, சாக்கா?
— வாசகர், திருச்சி

உண்மை. நாடு முழுவதும் மாநில வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலியாக இருக்கும் நிலை தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்பே பதிவாகியிருக்கிறது. உச்ச நீதிமன்றமும் இதற்காக மாநிலங்களைக் கடிந்திருக்கிறது. பணமில்லாததால் நிரப்பவில்லை என்று சொல்லவும் முடியாது. இசைவாணைக் கட்டணமே வாரியங்களுக்குப் பெரும் வருவாய். சாக்காக ஆவது எப்போது என்றால், இருக்கிற பொறியாளரை வாரத்தில் மூன்று நாள் கூட்டங்களுக்கும் வரவேற்புகளுக்கும் அனுப்பிவிட்டு ஆளில்லை என்று சொல்லும்போது.

அடுத்த மாதம் உணவு பதப்படுத்தும் ஆலைக்கு நிறுவுவதற்கான இசைவாணை கேட்டு விண்ணப்பிக்கப் போகிறோம். ஆலோசகர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். நாங்களே சரிபார்க்க வேண்டியவை உண்டா?
— பெண் தொழில்முனைவோர், திண்டுக்கல்

உண்டு. ஆலோசகர் கொடுக்கும் கோப்பில் வேறொரு ஆலையின் பெயர் எங்காவது மறைந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சிரிக்காதீர்கள், நான் பார்த்த கோப்புகளில் அடிக்கடி வந்த பிழை அது. பத்திரத்திலும் பட்டாவிலும் வரைபடத்திலும் சர்வே எண் ஒன்றாக இருக்கிறதா, உட்பிரிவு எண் விட்டுப்போகவில்லையா என்று பாருங்கள். வரைபடத்தில் அருகிலுள்ள குளம், ஓடை, குடியிருப்பு ஆகியவற்றின் தூரம் எழுதப்பட்டிருந்தால், டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீங்களே ஒருமுறை அளந்து விடுங்கள். ஆய்வுக்கு வரும் பொறியாளர் ஓடை இருப்பதைக் கண்ணால் பார்த்து, வரைபடத்தில் அது இல்லை என்று கண்டால், அதன்பின் கோப்பிலுள்ள வேறு எதையும் நம்ப மாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர்க் கணக்கை ஒரே பக்கத்தில், உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எத்தனை, லாரியில் எத்தனை, காய்கறி கழுவ எத்தனை, தரை கழுவ எத்தனை, பாய்லருக்கு எத்தனை, ஊழியர் குடிக்கவும் கழிப்பறைக்கும் எத்தனை என்று தனித்தனியாக எழுதி, வந்ததும் போனதும் ஒத்துவருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். உற்பத்தி உச்சத்தில் இருக்கும் மாதத்துக்கும் ஒரு தனிக் கணக்குப் போடுங்கள். தக்காளி, மாம்பழப் பருவத்தில் கழிவுநீர் எவ்வளவு கூடும் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் எண்தான் விண்ணப்பத்தின் மற்ற எல்லாப் பக்கங்களிலும் இருக்க வேண்டும் என்று ஆலோசகரிடம் சொல்லிவிட்டு, பதிவேற்றுவதற்கு முந்தைய நாள் மாலை அவரை எதிரே உட்காரவைத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.